வருசத்துக்கு 76 மைக்ரோசெக்கன்

1974ல ஹல்ஸ், டெய்லர் எண்ட ரெண்டு வானியலாளர் அரெசிபோ ரேடியோத் தொலைநோக்கியில பிடிச்ச பல்சரை, அதாவது துடிப்புத் துடிப்பா ரேடியோ அலை விடுற செத்த நட்சத்திரத்தைப் பற்றி திருநெல்வேலிச் சந்தியில பஸ்ஸுக்கு நிண்டு ஃபோனில வாசிச்சன். செக்கனுக்கு 17 தரம் தன்னைத்தானே சுத்துற சாமான், ஆனா துடிப்பு ஒருக்கா முந்தி வருது ஒருக்கா பிந்தி வருது, ஹல்ஸ் முதல்ல தன்ர கணக்கிலதான் ஏதோ பிழை எண்டு யோசிச்சாராம், பிறகு பாத்தா அது இன்னொரு நட்சத்திரத்தோட சோடி சேந்து 7 மணித்தியாலம் 45 நிமிசத்துக்கு ஒருக்கா சுத்துது! எங்கட பக்கம் வரேக்க துடிப்பு நெருங்கும், விலகேக்க ஐதாகும்.

அதைவிட அடுத்த கதைதான் எனக்கு விருப்பம். சோடியா ஒரு சுத்து சுத்துற அந்த நேரம் வருசத்துக்கு 76 மைக்ரோசெக்கன் குறையுதாம், ஈர்ப்பலையா, அதாவது விண்வெளியையே நெளிய வைக்கிற அலையா, சக்தி போனா எவ்வளவு குறையோணும் எண்டு ஐன்ஸ்டைன்ர சமன்பாடு சொல்லுதோ கிட்டத்தட்ட அவ்வளவேதான். பஸ் பத்து நிமிசம் பிந்தினாலும் நேரத்துக்கு வந்திட்டுது எண்டு ஏறுற ஆக்கள் நாங்கள், அவை இதை வருசக்கணக்கா இருந்து அளந்திருக்கினம். 1993ல நோபல் குடுத்தது சும்மா இல்லை.