குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

கொல்லிமலையில் எங்கள் பக்கத்து ஊர்களில் குடியை விடுவதற்குப் பலரும் அறிந்த வழி, குலதெய்வத்தின் முன் சத்தியம் செய்து பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வதுதான். எப்போதாவது குடிப்பவருக்கு அது உதவவும் கூடும்; ஊரறியக் கட்டிய கயிற்றை அவிழ்க்க எவருக்கும் கூச்சம் இருக்கும். ஆனால், கண் விழித்ததும் ஒரு வாய் ஊற்றாவிட்டால் கை நடுங்கும் என்ற நிலைக்குப் போய்விட்டவர் மருத்துவ உதவியின்றித் திடீரென்று நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதை என் தம்பிக்கு நேர்ந்த பிறகே எங்கள் குடும்பம் அறிந்தது.

தம்பி மிளகு பறிப்பவன். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில், மூங்கில் ஏணியின் மேல் நின்று, ஒரு கையால் மரத்தை அணைத்து மறு கையால் சரத்தைக் கிள்ளி, இடுப்பில் கட்டிய சாக்கில் போட வேண்டும். கடைசிச் சில பருவங்களாகக் குடித்தால்தான் அவனால் ஏணியில் ஏற முடிந்தது. குடிக்காத காலையில் டீ டம்ளரைக்கூட இரண்டு கைகளாலும் பிடித்தான். அரசு மதுக்கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். விடியற்காலைத் தேவைக்கு இருக்கவே இருக்கிறது, கள்ளத்தனமாக மது விற்கும் சந்துக்கடை. குவார்ட்டருக்கு மேல்விலை வைத்து, கடனாகவும் கொடுத்து, சனிக்கிழமைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள்.

ஆடி மாதத்தில் மாமா அவனை அழைத்துப்போய்க் கயிறு கட்டிவைத்தார். முதல் நாள் வியர்வையும் வாந்தியும். மறுநாள் பொட்டுத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் இரவு, சுவர் முழுக்க எறும்பு ஏறுகிறது என்று துடைப்பத்தால் அடித்துக்கொண்டே இருந்தான். இறந்துபோன அப்பாவிடம், மூட்டை சந்தைக்குப் போய்விட்டதா என்று கேட்டான். காற்று கருப்பு அடித்துவிட்டது என்று பெரியவர்கள் பூசாரிக்கு ஆள் அனுப்பக் கிளம்பிய நேரத்தில், கிராம சுகாதார செவிலியர் வந்து பார்த்தார். "பேயும் இல்லை, ஒன்றும் இல்லை அக்கா. குடியைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு இப்படி வரும். உடனே கீழே கொண்டுபோக வேண்டும்" என்று சொல்லி, அவரே 108-ஐ அழைத்தார். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அவனைப் பிடித்துக்கொண்டே இறங்கினோம்.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது குடித்தார் என்பது. அடுத்து, தினமும் எவ்வளவு, இதற்கு முன் வலிப்பு வந்திருக்கிறதா. மாமா மானம் கருதி, "எப்போதாவது கொஞ்சம்" என்று இழுத்தார். நான் குறுக்கிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன், ஏனென்றால் மருந்தின் அளவே அந்தப் பதிலை வைத்துத்தான் முடிவாகிறது. நீண்ட நாள் மதுவால் மந்தப்பட்டுப் பழகிய மூளை, அது திடீரென்று நின்றதும் கட்டுப்பாடின்றிக் கொதிக்கிறது என்றும், வலிப்பு பெரும்பாலும் முதல் 2 நாட்களிலும் இந்தச் சித்தக் கலக்கம் 2 முதல் 4 நாட்களுக்குள்ளும் வரும் என்றும் அவர் விளக்கினார். அதைத் தணிக்கும் மருந்தைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்தார்கள். "முதலில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று எங்கள் ஆட்கள் அவசரப்பட்டார்கள். குடிநோயாளிகளின் உடலில் தயமின் என்னும் பி1 வைட்டமின் வற்றியிருக்கும், அதை ஊசியில் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம் என்று செவிலியர் பொறுமையாகச் சொன்னார்.

தெளிந்த பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்கியது. மனநலப் பிரிவில் சேர்ப்பதை ஊரில் எப்படிச் சொல்வது என்று அம்மா அழுதார். ஆலோசகர் தம்பியிடம் தனியாகவும் எங்களிடம் தனியாகவும் பேசினார். பேருந்து நிலையச் சுவர்களில், "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று ஒட்டியிருக்கும் மருந்தைப் பற்றி நான் கேட்டபோது அவர் கடிந்தே பேசினார். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை உட்கொண்டவர் மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரியும். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரை அந்த ஆபத்து நீடிக்கும். எனவே நோயாளி அறிந்து சம்மதித்தால் மட்டுமே அது தரப்படும். சோற்றில் கலந்து கொடுக்கலாம் என்பவர் மருத்துவர் அல்லர்.

மலையேறி வந்த பிறகு பட்ட பாடு வேறு. மறுபரிசோதனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதைத் தாங்காமல் பாதியில் விட்டவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் குடிநோய் சிகிச்சைக்கென்று தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே முகாம் அமைத்துச் சிகிச்சை தந்ததை ஆலோசகர் சொன்னபோது, அப்படியொன்று மலைக்கு வராதா என்று ஏங்கினேன். எங்களுக்குக் கைகொடுத்தது தொலைபேசிதான். 14416 என்ற, அரசின் மனநல உதவிக்கான டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய்த் தம்பியே பேசுவான்.

தோட்டக்காரரிடம் சொல்லிக் கூலியைச் சனிக்கிழமைக்குப் பதில் வாரத்தின் நடுவில், அவன் மனைவி கையில் தரச் செய்தோம். ஒரு சாவு வீட்டில் அவன் மறுபடியும் குடித்தான். மருத்துவர் திட்டவில்லை; மறுசறுக்கல் இந்த நோயில் நடப்பதுதான் என்று சொல்லி, இந்த முறை நடுக்கம் தொடங்கும் முன்பே வந்ததைப் பாராட்டினார். அதன் பிறகு இதுவரை குடிக்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது எங்கள் மலையிலும் சோதனைகள் நடந்தன. சந்துக்கடை கொஞ்ச நாள் பதுங்கி, மீண்டும் திறந்துகொண்டது. மதுக்கடைகள் மூடப்படும் அக்டோபர் 2 தான் அதற்குப் பெரிய வியாபார நாள். கிராம சபை கூடும் நாளும் அதுவே என்பதால், மகளிர் குழுவினர் அன்றைக்கே எழுந்து, சந்துக்கடையை மூட வேண்டும் என்று கேட்டோம். தீர்மானம் பதிவாகியிருக்கிறது, மனுவுக்கு ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்திருக்கிறோம். கடை இன்னும் நடக்கிறது.