கதவுக்கு வெளியே ஒரு ஹீலர்

ஆன்லைன் கேம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருடம் டெஸ்டிங், அப்புறம் குவெஸ்ட் டீம், அதாவது விளையாடுகிறவருக்குக் கதையில் கொடுக்கும் பணிகளை உருவாக்கும் குழு. இரண்டு இடத்திலும் என் பொழுது ஒரே விஷயத்தோடுதான் போனது. மெயின் ஸ்டோரி. விளையாடுகிறவருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, முடித்தே ஆக வேண்டிய கதைச் சங்கிலி. அதை முடிக்காமல் அடுத்த ஊருக்குப் போக முடியாது, ஏறிப்போகக் குதிரை கிடைக்காது, சிலர் சேர்ந்து சண்டை போடும் டஞ்சன் திறக்காது, பெரிய கூட்டமாகப் போகும் ரெய்டுக்குள் கால் வைக்க முடியாது.

டெஸ்டராக இருந்தபோது அந்தச் சங்கிலியை எத்தனை தடவை ஓட்டினேன் என்று கணக்கே இல்லை. கேமின் புதுப் பதிப்பு (பில்டு) வந்தால் புதுக் கேரக்டர், மறுபடி முதல் கிராமம், மறுபடி அதே தலைவரின் அதே பேச்சு. சலிப்பாக இருந்ததா என்று கேட்பார்கள். இருந்தது. ஆனால் கதை கட்டாயம் என்றால் என்ன அர்த்தம் என்பதை எனக்கு அந்த வேலைதான் கற்றுக் கொடுத்தது. பக்கக் குவெஸ்ட் ஒன்றில் பிழை இருந்தால் சிலர் முணுமுணுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார்கள். மெயின் ஸ்டோரியில் கேமே இயக்கும் காவலாளி (என்பிசி) ஒருவன் சுவருக்குள் போய் மாட்டிக்கொண்டால், அவனிடம் பேசினால்தான் அடுத்த படி என்பதால், அத்தனை பேரும் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்பார்கள்.

பெரிய கேம்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2017 ஜூனில் ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற ஆன்லைன் கேமுக்கு ஸ்டார்ம்பிளட் என்ற விரிவாக்கம், அதாவது கதையின் புதுப் பகுதி, வந்தபோது, ஆரம்பத்திலேயே ரௌபான் என்ற கதாபாத்திரத்திடம் பேசி, தனியாளாக ஒரு சண்டைக்குள் நுழைய வேண்டிய இடம் ஒன்று இருந்தது. திறந்த வெளியில் நூறு பேர் ஓடினாலும் சர்வருக்கு அது ஒரே இடம். தனியாள் சண்டை என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பிரதி வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கதவைத் தட்டியதில் சர்வர்கள் திணறிவிட்டன. பிளேயர்கள் அந்த மனிதருக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். எங்கள் ஆபீஸில் குவெஸ்ட் சங்கிலியை வரைந்து வைத்திருந்த பலகையில், தனியாள் சண்டை வரும் இடங்களையெல்லாம் அன்றைக்கே சிவப்பு மையால் வட்டம் போட்டோம். முதல் மூன்று மணி நேர ஆட்டத்துக்குள் அப்படிப்பட்ட வட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

குவெஸ்ட் டீமுக்கு மாறியதும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, எழுதுவது இல்லை, வெட்டுவது. கதை நீளம் என்று எல்லா இடத்திலிருந்தும் புகார். எந்தக் குவெஸ்டில் எத்தனை பேர் விளையாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி வராமல் போகிறார்கள் என்று ஒரு வரைபடம் இருக்கும். அதில் கோடு சரியும் இடங்களாகப் பார்த்து வெட்டச் சொன்னார்கள். கோடு நன்றாகவே சரிந்த ஓர் இடம், துறைமுகத்து விளக்குக்காரரின் குவெஸ்ட். மூன்று விளக்குகளுக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது, மூன்று இடத்திலிருந்து எண்ணெய் கொண்டு வா. அவ்வளவுதான். போ, எடு, வா, கொடு. ஓர் அம்பு விடுவதுகூட இல்லை. யோசிக்காமல் எடுத்துவிட்டேன்.

வெளியாட்களை விளையாடச் சொல்லிப் பார்க்கும் அடுத்த பிளேடெஸ்ட்டில்தான் விஷயம் தெரிந்தது. கதையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி, எதிரிகள் துறைமுகத்தைக் கொளுத்தும்போது அந்த விளக்குக்காரர் இறந்துபோவார். அந்தக் காட்சிக்கு எங்கள் ஆட்கள் பாடுபட்டு இசை போட்டிருந்தார்கள். அணைந்த விளக்கின் மேல் கேமரா மெல்ல இறங்கும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விளையாடிக்கொண்டிருந்த இளைஞர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, "யாருங்க இவரு?" என்று கேட்டுவிட்டு ஸ்கிப் அழுத்தினார்.

சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு குவெஸ்ட் குதித்துத் தப்பிக்கக் கற்றுக் கொடுக்கும். இன்னொன்று பிளேயரை மலை ஏற வைத்து, பின்னால் போகப் போகும் கோட்டையைத் தூரத்திலிருந்தே கண்ணில் காட்டும். மற்றொன்று, பின்னால் இழக்கப் போகிற ஒருவரோடு அவரைப் பத்து நிமிடம் இருக்க வைக்கும். வரைபடத்தில் இது எதுவும் தெரியாது.

விளக்குக்காரரைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஆனால் எண்ணெய் தேடி அலைவது இல்லை. மாலை நேரம், அவரோடு துறைமுகப் பாதையில் நடக்க வேண்டும். அவர் தன் பாட்டுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே வருவார். முதல் விளக்கையும் இரண்டாவதையும் அவரே ஏற்றுவார். மூன்றாவதற்கு வந்ததும் திரியைப் பிளேயரிடம் நீட்டுவார். ஒரு பட்டன், அவ்வளவுதான். மொத்தம் இரண்டரை நிமிடம். அதற்கப்புறம் நடந்த பிளேடெஸ்ட்களில் துறைமுகம் எரியும்போது அறை அமைதியாகிவிடும். ஒரு பெண் காட்சி முடிந்த பிறகு மூன்றாவது விளக்கு இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ச் சற்று நேரம் சும்மா நின்றார். அந்த வீடியோத் துண்டை டீமில் எல்லோருக்கும் அனுப்பினேன்.

நீளத்தைப் பற்றி எனக்கு இருந்த பயம் அதோடு குறைந்தது. ஃபைனல் ஃபேன்டசி 14-இல் அடிப்படைக் கதை முடிந்து ஹெவன்ஸ்வர்ட் விரிவாக்கம் தொடங்குவதற்கு நடுவே சுமார் 100 குவெஸ்ட்கள் இருந்தன. பல வருடம் புகார் கேட்ட பிறகு, 2020 ஆகஸ்டில்தான் பழைய பகுதியைச் செதுக்கிச் சுருக்கினார்கள். அத்தனை நீளத்தையும் தாண்டி வந்தவர்கள் அந்தக் கதையை அவ்வளவு நேசிக்கிறார்கள். ஆகவே, நீளம் சங்கடம்தான், ஆனால் ஆளை விரட்டுவது அது மட்டும் இல்லை. வேறு ஒன்று இருக்கிறது. அதை நான் ஒரு மதிய நேரத்துப் பிளேடெஸ்ட்டில் பார்த்தேன்.

தோழிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஏற்கெனவே பல வாரம் விளையாடிய டேங்க், கூட்டத்துக்கு முன்னால் நின்று அடி வாங்குகிறவர். அவர் சொல்லித்தான் மற்றவர் வந்திருந்தார், புது ஹீலர், கூட்டத்தின் காயங்களை ஆற்றுகிறவர். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஹீலர் ஆசை ஆசையாக முகம், முடி, உடை எல்லாம் தேர்ந்தெடுத்துக் கேரக்டர் செய்தார். உலகத்துக்குள் வந்ததும் முதல் கேள்வி, "நீ எங்க இருக்க?"

"கோட்டைக்குள்ள. வாடி."

வரைபடத்தைப் பார்த்து, அரை மணி நேரம் நடந்து, இரண்டு தடவை ஓநாய்களிடம் செத்து, கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டார் அந்த ஹீலர். அங்கே திரையில் ஒரு வரி. மெயின் ஸ்டோரியில் இன்ன குவெஸ்டை முடித்தால்தான் நுழையலாம். "இது முடிக்க எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டார். டேங்க் கொஞ்சம் தயங்கி, "ஒரு இருபது மணி நேரம்" என்றார். ஹீலர் ஒன்றும் சொல்லவில்லை. தோழியின் திரையை எட்டிப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது தெரிந்தது. அப்புறம் முதல் கிராமத்துக்குத் திரும்பி, ஸ்கிப், ஸ்கிப், ஸ்கிப். தலைவரின் பேச்சு போனது, போருக்குக் காரணம் போனது, விளக்குக்காரரும் போனார். ஒரு மணி நேரம் அந்தப் பட்டன் சத்தம் மட்டும் கேட்டது.

அவருக்குக் கதை பிடிக்காமல் போகவில்லை. கதையைக் கேட்கும் மனநிலையிலேயே அவர் இல்லை. தோழி காத்திருக்கிறாள், இது நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான். நாங்கள் மூன்று வருடம் உழைத்த கதை, இரண்டு தோழிகளுக்கு நடுவே ஒரு சுவராக நின்றது. எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம் மற்ற கேம்கள் இதை எப்படிச் சமாளித்தன என்று தேடித் தேடிப் படித்தேன். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் 2007 விரிவாக்கத்தில் பெரிய ரெய்டுகளுக்குள் நுழைய நீண்ட குவெஸ்ட் சங்கிலிகள் இருந்தன. சேர்ந்து விளையாடும் குழுவான கில்டில் ஒரு புது ஆள் சேர்ந்தால், அவர் ஒருவருக்காக மொத்தக் கூட்டமும் பழைய ரெய்டுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும். 2008-இல் ஹைஜல், பிளாக் டெம்பிள் என்ற ரெய்டுகள் இரண்டுக்கும் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதே 2008 கடைசியில் வந்த விரிவாக்கத்தில் ஃபேஸிங் என்ற உத்தியை நிறையவே பயன்படுத்தினார்கள். கதையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அதற்கேற்ப உங்கள் கண்ணுக்கு உலகம் மாறும். கைப்பற்றிய கோட்டை உங்களுக்குக் கைப்பற்றியதாகவே இருக்கும். கதை சொல்ல அருமையான வழி. ஆனால் கதையில் வேறு வேறு கட்டத்தில் இருக்கும் நண்பர்கள் வரைபடத்தில் ஒரே புள்ளியில் நின்றாலும் அப்போது ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. கதவு வைப்பதைவிட இது எனக்குக் கொடுமையாகப் பட்டது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016 அக்டோபரில் எதிர்த் திசையில் போனது. யாரும் எந்த ஊருக்கும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எதிரிகளின் பலம் உங்களுக்குத் தக்கபடி இருக்கும். நண்பர்கள் முதல் நாளே சேரலாம், நிச்சயமாக நல்லது. ஆனால் எல்லோரும் ஒரே வரிசையில் பார்த்த ஒரே கதை என்ற ஒன்று அங்கே கரைந்துபோகிறது. கட்டாயக் கதைக்கு ஒரு தனிப் பலம் உண்டு என்று இன்றைக்கும் நம்புகிறேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் டஞ்சனில் சந்தித்து ஒரு கதாபாத்திரத்தின் பேரைச் சொன்னால், இருவருக்கும் ஒரே துக்கம் ஞாபகம் வரும். விருப்பக் குவெஸ்ட்களால் அது வராது.

கதையைத் தாண்டிவிடும் டிக்கெட்டைக் காசுக்கு விற்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. விற்கும் கேம்கள் உண்டு, ஃபைனல் ஃபேன்டசி 14-இலும் 2017-இலிருந்து உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ஹீலருக்கு டிக்கெட் கொடுத்திருந்தால் கோட்டைக்குள் போயிருப்பார், சரி. ஆனால் யாரையும் தெரியாத ஊரில், பயன்படுத்தத் தெரியாத முப்பது மந்திரங்களோடு நின்றிருப்பார். புதிதாக வந்தவர் மேலே ஏறிப் போவதைவிட, பழையவர் கீழே இறங்கி வருவதுதான் வழி என்று சொன்னேன். அந்த விவாதம் மூன்று வாரம் நடந்தது.

இறங்கி வர வைப்பதற்கு ஃபைனல் ஃபேன்டசி 14 நல்ல பாடம். அங்கே உயர்ந்த லெவலில் இருப்பவரும் பழைய டஞ்சனுக்குள் நுழைந்தால் அவர் லெவல் அந்த இடத்துக்குத் தக்கபடி குறைந்துவிடும். தினமும் போய் வந்தால் பரிசு, கூட்டத்தில் முதல் தடவை வருகிறவர் இருந்தால் எல்லோருக்கும் கூடுதல் பரிசு. அதிலும் அவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்ட ஓர் இடம் உண்டு. அடிப்படைக் கதையின் கடைசி இரண்டு டஞ்சன்கள் முதலில் எட்டுப் பேர் போகிறவை. நடுநடுவே கதை சொல்லும் நீளமான காட்சிகள் (கட்சீன்). பழையவர்கள் ஸ்கிப் செய்துவிட்டு முன்னால் ஓடுவார்கள். புதியவர் காட்சியைப் பார்த்து முடித்து வெளியே வரும்போது பாஸ், அந்த டஞ்சனின் பெரிய எதிரி, செத்துக் கிடப்பான். இத்தனை நாள் எந்தச் சண்டைக்காக வந்தாரோ அந்தச் சண்டை அவர் இல்லாமலேயே முடிந்திருக்கும். 2018-இல் அந்தக் காட்சிகளை யாரும் ஸ்கிப் செய்ய முடியாதபடி ஆக்கினார்கள். 2022 ஏப்ரலில் இரண்டையும் நான்கு பேர் போகும்படி மாற்றி அமைத்தார்கள்.

எங்கள் கேமில் மூன்று காரியம் செய்தோம். மெயின் ஸ்டோரியில் எந்தக் கட்டத்தில் இருக்கும் நண்பரின் குவெஸ்டுக்குள்ளும் துணையாளாக நுழையலாம், அவருடைய உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியே உங்களுக்கும் தெரியும். டஞ்சனில் சண்டைக்கு நடுவே வரும் காட்சி எதுவும் 20 நொடியைத் தாண்டக் கூடாது, நீளமானவை எல்லாம் கதவுக்கு முன்னால். கூட்டத்தில் ஒருவர் காட்சி பார்த்துக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும்வரை அந்தக் கதவு திறக்காது. கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகம். பழைய பிளேயர்கள் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்கள். என் பயமும் அதுதான். முதல் தடவை வருகிறவருக்காகக் காத்திருப்பவர்களுக்குப் பரிசை இரண்டு மடங்காக்கினோம், ஆனாலும் பயம் போகவில்லை.

அந்த மாற்றம் நேரலைக்கு வந்த வாரம், துறைமுகத் தாக்குதல் டஞ்சனின் பதிவுகளைப் பார்க்க உட்கார்ந்தேன். ஒன்றில் நான்கு பேர், அதில் ஒருவர் புதியவர், ஹீலர். அவர் தலைக்கு மேலே காட்சி பார்க்கிறார் என்ற சின்னம். நான்கு நிமிடக் காட்சி. மற்ற மூவரும் பல தடவை வந்தவர்கள் என்பது உடையிலேயே தெரிந்தது. ஒருவர் வாசலில் இரண்டு தடவை குதித்தார், அப்புறம் உட்கார்ந்தார். டேங்கும் உட்கார்ந்தார். சாட்டில் ஒரு வரி வந்தது: "மெதுவா பார்த்துட்டு வாங்க, அவசரமில்ல."

சின்னம் மறைந்தது. ஹீலர் மூவரையும் சுற்றிப் பார்த்துவிட்டு டைப் செய்தார்: "அந்த விளக்குக்காரர் தப்பிச்சிருவாரா?"

மூன்று பேருக்கும் பதில் தெரியும். யாரும் சொல்லவில்லை. டேங்க் எழுந்து கதவைத் திறந்தார்.