மெத்தையில் குழி விழுவது எங்கே, ஏன்?

மெத்தை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "கெட்டியா இருக்குமா, மெத்துனு இருக்குமா?" என்றுதான். அதைப் படுத்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று: ஒவ்வொரு அடுக்கும் எத்தனை சென்டிமீட்டர், அதன் அடர்த்தி என்ன? ஸ்பிரிங் உடைந்து வீணாகும் மெத்தைகள் குறைவு. பெரும்பாலானவை வீணாவது மேலே இருக்கும் ஐந்தாறு சென்டிமீட்டர் ஃபோம் செத்துப்போவதால்தான்.

அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு. ஒரு கனமீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பது அடர்த்தி. அதை அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பது கெட்டித்தன்மை. சுமார் 10 செ.மீ. கனமுள்ள துண்டின் மேல் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தட்டை வைத்து, கனத்தில் கால்பங்கு அமுங்கும்வரை அழுத்தி அதை அளப்பார்கள். கலவையை மாற்றினால் அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்துவிட முடியும். கடையில் அது திடமாகத்தான் இருக்கும். ஆனால் நாள்பட உழைப்பது அடர்த்திதான்.

காரணம் தயாரிப்பிலேயே இருக்கிறது. ஃபோமின் மூலப்பொருள்களான பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு ரசாயனங்களையும் கலக்கும்போது அதிலுள்ள தண்ணீர் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வரும். புளித்த மாவைப் போல அந்த வாயுதான் கலவையைப் பொங்க வைக்கிறது. தண்ணீரைக் கூட்டினால் வாயு கூடும். அதே சரக்கில் பெரிய ஃபோம் கிடைக்கும். உள்ளிருக்கும் நுண்ணறைகளின் சட்டங்கள் மெலிந்துபோகும். இரவு முழுக்க உடல் எடை, சூடு, வியர்வையின் ஈரம் மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது மெலிந்த சட்டங்கள் வளைந்து, ஒரு கட்டத்தில் நிமிராமலே போய்விடுகின்றன. அதுதான் குழி.

முழுக்க ஒரே ஃபோமால் ஆன மெத்தையை எடை போட்டே ஓரளவு சோதிக்கலாம். 190 × 150 × 15 செ.மீ. என்றால் 0.4275 கனமீட்டர். அடர்த்தி 32 என்று சொன்னால், உறையை விட்டு ஃபோம் மட்டும் ஏறக்குறைய 13.7 கிலோ இருக்க வேண்டும். எட்டு கிலோவுக்குள் நின்றால் அடர்த்தி 18-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: சிலர் கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்து எடையைக் கூட்டுவதுண்டு. எடை ஏறும், பலம் ஏறாது. வெட்டிய ஓரத்தை விரலால் தேய்த்தால் மாவு ஒட்டுகிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் தினமும் படுக்கும் மெத்தைக்குச் சாதாரண ஃபோம் 32-க்குக் குறையக்கூடாது, மெமரி ஃபோம் 50-க்குக் குறையக்கூடாது என்பது என் அளவுகோல். 'ஆர்த்தோ' என்று அச்சடித்திருப்பதை வைத்து அடர்த்தியை ஊகிக்க முடியாது.

மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்க உருவாக்கப்பட்டது. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். உடலைச் சுற்றி அமுங்கி அணைத்துக்கொள்வதால் தோளுக்கும் இடுப்புக்கும் இதம். அதே காரணத்தால் காற்றோட்டம் குறைந்து புழுங்கும். ஜெல் கலந்தால் படுத்த புதிதில் குளுமை தெரியும். ஜெல் உடல் சூட்டுக்கு வந்ததும் அந்தக் குளுமை போய்விடும். இதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ரப்பர் பாலான லேட்டக்ஸில் செய்யும் ஃபோம் நேர் எதிர்: அழுத்தியதும் துள்ளி எழும். டன்லப் முறையில் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, சூடேற்றி வேகவைக்கிறார்கள். கனமான துகள்கள் கீழே படிவதால் அடிப்பக்கம் சற்றுக் கெட்டியாக இருக்கும். தலாலே முறையில் வெற்றிடத்தில் விரித்து, உறைய வைத்த பிறகே வேகவைப்பதால் எங்கும் சீராக இருக்கும். அதிலுள்ள வரிசையான ஓட்டைகள் அச்சின் ஊசிகள் விட்ட தடம். சூடு உள்வரை போவதற்காக வைத்தவை. லேட்டக்ஸுக்கு எதிரி வெயில். பஞ்சு மெத்தையைப் போல மொட்டைமாடியில் காயப்போட்டால் ரப்பர் இறுகி, பொடிப்பொடியாக உதிரும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

தேங்காய் நார் மெத்தையில் சுருட்டிய நார்களின்மேல் லேட்டக்ஸைத் தெளித்து, அழுத்தி வேகவைத்திருப்பார்கள். காற்று நன்றாகப் போகும். நார்கள் ஒட்டிய இடங்கள் விட்டுப்போனால் அமுங்கியது மீளாது. கட்டிலுக்கு அடியில் பழுப்புத் தூள் விழுவது அதன் அறிகுறி.

ஸ்பிரிங்கில், பானல் (Bonnell) வகை இடை சிறுத்த உடுக்கை வடிவில் இருக்கும். எல்லாம் கம்பியால் பிணைந்திருப்பதால் ஒருவர் புரண்டால் மற்றவருக்கும் தெரியும். பாக்கெட் வகையில் ஒவ்வொன்றும் தனித் துணிப்பையில் இருப்பதால் அந்த ஆட்டம் குறையும். இரண்டிலும் ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவே தடித்த ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த விரிப்பு) இருக்கிறதா என்று கேளுங்கள். அது மெல்லியதாக இருந்தால் கம்பிச்சுருள் ஃபோமை அடியிலிருந்தே அறுக்கும்.

உறையோடு சேர்த்துத் தைத்த பாலியஸ்டர் பஞ்சு சில மாதங்களில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் படியும். அது பழுதல்ல. தலைமாடு கால்மாடாக அவ்வப்போது திருப்பிப் போட்டால் சீராகப் படியும். அடுக்குகள் ஒரு பக்கம் மட்டுமே உள்ள மெத்தையைக் கவிழ்த்துப் போடாதீர்கள்.

குழி இருக்கிறதா என்று பார்க்க, யாரும் படுக்காத மெத்தையின் குறுக்கே நேரான கட்டையை வைத்து நடுவில் இடைவெளியை ஸ்கேலால் அளக்கலாம். மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால், மெத்தையைத் தரையில் இறக்கி ஒருமுறை அளந்துவிட்டு முடிவெடுங்கள். தரையில் இடைவெளி குறைந்தால் கோளாறு கட்டிலில்: சட்டங்களுக்கு நடுவே ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் சந்து இருக்கலாம், அல்லது அகலக் கட்டிலுக்கு நடுக்கால் இல்லாமல் இருக்கலாம்.