நீண்ட பாராளுமன்றம்: ஆட்களைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்

எம்.ஏ. வரலாறு படித்தபோது இங்கிலாந்து வரலாற்றுத் தாளில் எனக்கு அரியர் விழுந்தது. 1640-இல் அரசர் முதலாம் சார்லஸ் கூட்டி, பிறகு அவரோடே போரிட்ட நீண்ட பாராளுமன்றம் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தேன். 1640, 1642, 1649, 1653 என ஆண்டுகள் எல்லாம் சரி. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. பாராளுமன்றம் எதிர்த்தது, பாராளுமன்றம் வென்றது என்று, அது ஏதோ ஒற்றை ஆள் மாதிரி எழுதி வைத்திருந்தேன்.

இரண்டாம் முறை உறுப்பினர்களைப் பிடித்துக்கொண்டு படித்தேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

முதலில் ஜான் ஹாம்ப்டன். கடற்படைக்கென்று அரசர் போட்ட கப்பல் வரியாக அவர் கட்ட வேண்டியிருந்தது வெறும் 20 ஷில்லிங். பாராளுமன்றத்தைக் கேட்காமல் போட்ட வரி என்று கட்ட மறுத்தார். வழக்கில் 12 நீதிபதிகளில் 7 பேர் அரசர் பக்கம், 5 பேர் ஹாம்ப்டன் பக்கம். தோற்றுப்போனாலும் நாடே அவரை அறிந்துகொண்டது. அந்த 7-5 கணக்கை விடையில் எழுதுங்கள். அரசரின் நீதிபதிகளே ஒரு மனதாக இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது 1642 ஜனவரி 4. இந்த ஒரு நாளுக்கு நான் இரண்டு நாள் ஒதுக்கினேன். முதலாம் சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு வந்து, அவர்களை வெளியே நிறுத்திவிட்டு அவைக்குள் நுழைகிறார். பிம், ஹாம்ப்டன், ஹோல்ஸ், ஹேசில்ரிக், ஸ்ட்ரோட் என்ற ஐந்து பேரைக் கைதுசெய்ய வேண்டும். ஐவரும் அதற்குள் படகேறிப் போய்விட்டார்கள். எங்கே அவர்கள் என்று கேட்ட அரசர் முன் சபாநாயகர் லெந்தால் மண்டியிட்டு, இந்த அவை பணித்தாலன்றி எனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்கிறார். மண்டியிட்டபடியே மறுக்கிறார்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மெய்சிலிர்க்கும்.

அவையில் உட்கார்ந்து இதையெல்லாம் பென்சிலால் குறித்துவைத்தவர் ரால்ஃப் வெர்னி என்ற உறுப்பினர். இவர் குடும்பத்தைத் தெரிந்துகொண்டால், அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் 1642-இல் மூண்ட உள்நாட்டுப் போரே புரிந்துவிடும். அப்பா எட்மண்ட் வெர்னியும் அதே அவையில் உறுப்பினர். மகன் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றார். அப்பாவுக்கோ மனசு அரசர் பக்கம் முழுக்க ஒப்பவில்லை. ஆனாலும் முப்பது வருடம் போல அரசரின் ரொட்டியைத் தின்றவன், இப்போது கைவிட மாட்டேன் என்றார். 1642 அக்டோபரில் எட்ஜ்ஹில் களத்தில் அரசரின் கொடியைத் தாங்கி நின்று செத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்த நமக்கு இந்த மனிதரைப் புரிந்துகொள்ள உரை தேவையில்லை. மகனும் அடுத்த ஆண்டே, ஸ்காட்லாந்தோடு செய்த மத உடன்படிக்கையில் கையெழுத்திட மறுத்து பிரான்சுக்குப் போய்விட்டார்.

போருக்கு முன்பே அவை இரண்டாகப் பிளந்திருந்தது. அரசர் ஆட்சியின் குறைகளை அடுக்கிய பெரும் முறையீடு (Grand Remonstrance) 1641 நவம்பரில் நிறைவேறியது 159க்கு 148 என்ற வாக்கில்தான். பதினொரே வாக்கு வித்தியாசம். இந்த எண்ணை மறக்கவே வேண்டாம்.

கடைசியாக டென்சில் ஹோல்ஸ். 1629-இல் சபாநாயகரை நாற்காலியிலேயே அழுத்திப் பிடித்தவர்களில் ஒருவர். 1642-இல் தேடப்பட்ட ஐவரில் ஒருவர். அப்புறம் சமாதானம் பேசப் போய், 1647-இல் சொந்தத் தரப்பு ராணுவமே அவர்மீது குற்றம் சாட்டியது. 1660-இல் இரண்டாம் சார்லஸை அழைத்துவரப் போன குழுவிலும் இருந்தார். இவர் ஒருவரை வைத்தே முப்பது ஆண்டுக் கதையைக் கோத்துவிடலாம்.

1648 டிசம்பர் 6-ஐயும் இப்படித்தான் எழுதினேன். பாராளுமன்றத் தரப்பு ராணுவத்தின் கர்னல் பிரைட், தடுக்க வேண்டிய உறுப்பினர்களின் பட்டியலோடு அவை வாசலில் நிற்கிறார். முகம் தெரியாத உறுப்பினர்களை அடையாளம் காட்ட, பக்கத்திலேயே இன்னொரு உறுப்பினர், குரோபியின் கிரே பிரபு. நாற்பதுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். இன்னும் பலர் உள்ளே விடப்படவில்லை. மிஞ்சியவர்கள்தான் ரம்ப் பாராளுமன்றம். 1649 ஜனவரியில் அரசரை விசாரிக்க நீதிமன்றம் அமைத்தது இந்த மிச்சப் பேர்தான். "பாராளுமன்றம் அரசரைக் கொன்றது" என்று எழுதும் முன் இந்த வாசலை ஒரு வரியாவது எழுதுங்கள்.