ஹெரால்டில் அச்சான பெயர்கள்

மார்ச் 21

இரவு ஷிஃப்ட். கடைசிப் பக்கத்து புரூஃப் வரத் தாமதம். ப்யூனஸ் அயர்ஸ் ஹெரால்டின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன். 1876இல் வில்லியம் கேத்கார்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அர்ஜென்டினாவில் தொடங்கிய ஆங்கிலப் பத்திரிகை. அப்போது ஒற்றைத் தாள்தான், முன்பக்கம் விளம்பரம். கப்பல், சரக்கு, வியாபாரச் செய்திகள். பிழைக்கப் போன ஆங்கிலேயர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஓராண்டில் கைமாறி நாளிதழானது.

மார்ச் 22

வேலை அதிகம். படிக்கவில்லை.

மார்ச் 24

1976இல் இதே நாளில்தான் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஹெரால்டும் முதலில் அதை வரவேற்றது. இதை மறைக்கக் கூடாது. அப்புறம் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள். பெரிய ஸ்பானியப் பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மார்கள், தங்களுக்குப் படிக்கத் தெரியாத ஒரு மொழிப் பத்திரிகையின் வாசலுக்கு வந்தார்கள்.

ஆசிரியர் ராபர்ட் காக்ஸ் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டு வாருங்கள். மனு இருந்தால் அது நீதிமன்றச் செய்தி, அச்சிட ஒரு பிடி கிடைக்கும். காணாமல் போனவரின் பெயர் மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டால் உயிர் பிழைக்க ஒரு வாய்ப்பு உண்டு என்று அவர் நம்பினார். சிலர் அப்படிப் பிழைத்தும் இருக்கிறார்கள். தலையங்கத்தை ஆங்கிலத்தோடு ஸ்பானியத்திலும் போட்டதால் ஊர்க்காரர்களும் படித்தார்கள்.

மார்ச் 25

1977 ஏப்ரலில் காக்ஸையே பிடித்துக்கொண்டு போனார்கள். உள்ளே சுவரில் பெரிதாக நாஜி ஸ்வஸ்திகா வரைந்திருந்ததாகப் பின்னாளில் சொன்னார். விடுதலையானதும் மறுபடி அதே வேலை. 1979இல் அவருடைய மகனின் பெயருக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. அந்த டிசம்பரில் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். அவருக்குப் பின் ஜேம்ஸ் நீல்சன் பத்திரிகையை நடத்தினார். பிள்ளைக்கு வந்த கடிதத்தைப் படித்த அந்த வீட்டை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

மார்ச் 27

2016இல் வார இதழாகச் சுருங்கி, 2017இல் அச்சு நின்றது. 140 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது.

இன்று எங்கள் மூன்றாம் பக்கத்தில் ஒரு ‘காணவில்லை’ விளம்பரம். பதினேழு வயதுப் பையன், நீலச் சட்டை. கையெழுத்துப் பிரதியில் பெயருக்கு ‘ழ’, புரூஃபில் ‘ள’. திருத்தினேன். பக்கம் அச்சுக்குப் போகும் முன் கீழே இறங்கிப் போய் இன்னொரு முறை பார்த்தேன்.