தண்ணீர் தெளித்துக் கேட்பது: ஆடி மாத நாட்குறிப்பு

20 ஜூலை 2025, ஞாயிறு

ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் முனியப்பனுக்கு வெட்ட வேண்டிய கிடாயை வாங்குவதற்காக, விடியும் முன்பே போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போய்விட்டேன். பேத்தியும் உடன் வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். திமிங்கல வேட்டையை உலகம் முழுவதும் நிறுத்த வேண்டும் என்று பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். துண்டுக்கு அடியில் தரகரின் விரலைப் பிடித்து விலை படிந்த பிறகு, ஒரு கருங்கிடாயின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் கேட்டாள்: "தாத்தா, நாம இத வெட்டலாம், ஜப்பான்காரங்க அத வெட்டக் கூடாதா?"

முப்பத்தொரு ஆண்டுகள் தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களிலும் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்தவன் நான். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதிலும் இருக்கவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டிக்கு நடந்தோம்.

24 ஜூலை, வியாழன்

அவள் திரட்டி வைத்திருந்த செய்திகளை நானும் உட்கார்ந்து படித்தேன். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டிருக்கின்றன. தென்முனைக் கடலில் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்த நீலத் திமிங்கலங்கள், 1970களின் தொடக்கத்தில் சில நூறாகக் குறைந்துவிட்டனவாம். 1946இல் போட்ட உடன்படிக்கையின் கீழ் உருவான சர்வதேச திமிங்கல ஆணையம், வணிக வேட்டையை நிறுத்துவதென்று 1982இல்தான் முடிவெடுத்தது. அது 1986இல் நடைமுறைக்கு வந்தது. நார்வே அந்த முடிவை ஏற்காமல் 1993 முதல் மீண்டும் வணிகத்துக்காக வேட்டையாடுகிறது. ஆராய்ச்சி என்ற பெயரில் வேட்டையைத் தொடர்ந்த ஜப்பானிடம், தென்முனைக் கடலில் நடத்திவந்த அந்தத் திட்டத்தை நிறுத்தும்படி 2014இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. 2019இல் ஜப்பான் ஆணையத்தை விட்டே வெளியேறி, தன் கடற்பகுதியில் வெளிப்படையாக வணிக வேட்டையைத் தொடங்கிவிட்டது.

அழியப்போகும் இனத்தைக் கொல்லக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பேத்தியின் கேள்வி அதுவன்று. நார்வேக்காரர்கள் பிடிக்கும் மிங்கி திமிங்கலம் இன்று அழிவின் விளிம்பில் இல்லை. அப்படியானால் அதைக் கொல்லலாமா? அறிவுள்ள விலங்கு என்றால், பன்றி எதில் குறைந்தது? பன்றிப் பட்டியில் தாழ்ப்பாளை மூக்கால் தள்ளித் திறந்து, தன் கூட்டத்தையே வெளியே அழைத்துப்போன பெட்டையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உடல் பெரியது என்பதும் ஒரு காரணம் ஆகாது. வலிக்கு உடலின் அளவு தெரியாது.

28 ஜூலை, திங்கள்

இன்று படித்தது மனத்தை விட்டு அகலவில்லை. ஐஸ்லாந்தில் 2022இல் நடந்த வேட்டையில் 58 ஃபின் திமிங்கலங்களின் சாவை அந்நாட்டு அதிகாரிகள் கண்காணித்திருக்கிறார்கள். முனையில் வெடிகுண்டு பொருத்திய ஈட்டியைக் கப்பலிலிருந்து சுடுவார்கள். அது உடலுக்குள் புகுந்து வெடிக்கும். அவற்றில் 35 உடனே இறந்தன. மற்றவற்றில் பாதிக்கு, உயிர் போகப் பதினொன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அந்த அறிக்கை வந்த பிறகு, 2023 ஜூனில் அந்நாட்டு அரசு வேட்டையைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது.

உடலுக்குள் வெடிப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன், பென்னாகரம் பக்கம் காட்டோரக் கிராமம் ஒன்றிலிருந்து விடியற்காலையில் ஆள் வந்தது. காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது இரைக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடியை, மேய்ச்சலுக்குப் போன பசு கடித்துவிட்டது. கீழ்த்தாடை இரண்டாகப் பிளந்து தொங்க, நாக்கில் பாதியைக் காணோம். அந்தப் பசு கத்தவில்லை. தொட்டியில் முகத்தை வைத்துத் தண்ணீரை உறிஞ்சப் பார்த்தது, ஒவ்வொரு முறையும் தண்ணீர் சிவந்து வெளியே வழிந்தது. வீட்டுக்கார அம்மாள் பக்கத்தில் நின்று அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். மருத்துவர் வந்து ஊசி போட்டு அதன் வேதனையை முடிக்கும்வரை நானும் அங்கேயே நின்றேன். பதினொன்றரை நிமிடம் என்று படித்தவுடன் அந்தத் தொட்டிதான் என் கண்முன் வந்தது.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, வயலைச் சுற்றிப் போட்டிருந்த மின்வேலியில் மூன்று யானைகள் இறந்து கிடந்ததையும், இரண்டு குட்டிகள் தாய்களை விட்டு விலகாமல் நின்றதையும் தர்மபுரி மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். பயிரைக் காக்கப் போட்ட கம்பிக்கு எது பன்றி, எது யானை என்று தெரியாது. கையெட்டும் தூரத்தில் நின்று பொறுப்பேற்க ஆளில்லாத சாவுகள் இவை. குண்டு ஈட்டியும் அந்த வகையைச் சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

எதிர்த்தரப்பையும் அறிந்துகொள்ள வேண்டுமே. அலாஸ்காவின் இனுபியாட் மக்கள் போஹெட் திமிங்கலத்தைப் பிடித்து ஊர் முழுவதும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; பயிர் விளையாத பனிநிலம் அது. தகுதியுள்ள வேட்டைக்காரனிடம் திமிங்கலம் தானே தன்னை ஒப்படைக்கிறது என்பது அவர்களுடைய நம்பிக்கை. அவர்கள் 2007இல் பிடித்த ஒரு திமிங்கலத்தின் கழுத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்யப்பட்ட வெடி ஈட்டியின் துண்டு புதைந்திருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த இரும்பைச் சுமந்துகொண்டு அது நீந்தியிருக்கிறது.

ஜப்பானில் நகாதோ என்ற கடற்கரை ஊரில், கொன்ற தாய்த் திமிங்கலங்களின் வயிற்றில் இருந்த கருக்களைப் புதைத்து, 1692இல் கல் நட்டிருக்கிறார்கள். நடுகற்கள் நிறைந்த, தகடூர் என்று பழம்பெயர் கொண்ட தர்மபுரி மண்ணில் பிறந்தவனுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. கொன்றவன் மனத்தில் உறுத்தல் இருந்ததற்கு அந்தக் கல் சாட்சி. இன்றைய தொழிற்சாலைக் கப்பலில் உறுத்தலுக்கு எங்கே இடம் இருக்கப்போகிறது?

எங்கள் தெருவிலேயே மாட்டிறைச்சி உண்ணும் வீடும், பன்றியைத் தொடாத வீடும், முட்டையைக்கூடச் சேர்க்காத வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவரவர் தட்டு அவரவருக்கு இயல்பு. இன்னொருவர் உண்ணும் விலங்கின் பெயரைக் கேட்டே முகம் சுளிப்பதை நியாயம் என்று நான் ஏற்க மாட்டேன். பேத்தியின் பேச்சில் ஜப்பானியரைக் காட்டுமிராண்டிகள் என்று எழுதியிருந்த வரியை அடிக்கச் சொன்னேன்; சற்றுத் தயங்கிவிட்டு அடித்தாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

பொங்கல் வைத்து முடித்ததும் கிடாய்க்கு மாலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். துளுக்கவில்லை; உடம்பை உதறினால்தான் அது சம்மதம் தந்ததாக எடுத்துக்கொள்வோம். இரண்டாம் முறை தெளித்தபோதும் அசையாமல் நின்று, மாலையில் இருந்த வேப்பிலையைக் கடித்தது. கூடியிருந்தவர்கள் சாமியை வேண்டிக்கொள்ளத் தொடங்கினார்கள். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் உடம்பை உதறும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது உத்தரவு தரும்வரை அரிவாளைத் தூக்காமல் ஐம்பது பேர் காத்து நிற்பதை நான் வெறும் சடங்கு என்று தள்ள மாட்டேன். மூன்றாம் முறை துளுக்கியது. ஒரே வெட்டு.

பேத்தி கடைசிவரை நின்று பார்த்தாள், அழவில்லை. சாப்பாட்டில் கறியை மட்டும் ஒதுக்கிவிட்டாள். வற்புறுத்த வேண்டாம் என்று அவள் பாட்டியிடம் சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டேன்.

6 ஆகஸ்ட், புதன்

தொப்பூர்க் கணவாயில் பேருந்து மெதுவாக ஏறியபோது, பிராய்லர் கோழி வண்டி ஒன்று வெகுநேரம் முன்னால் போயிற்று. ஒரு கூண்டிலிருந்து சிறகு மடங்கிய கோழியின் தலை வெளியே தொங்கி ஆடிக்கொண்டே வந்தது. ஏறத்தாழ நாற்பது நாள் வாழ்க்கை; அதில் நிற்கக்கூட முடியாத உடம்பு. ஆட்டுக்குத் தண்ணீர் தெளித்துக் காத்திருந்த நாங்கள்தான் மற்ற ஞாயிறுகளில் இதை வாங்குகிறோம். திமிங்கலத்துக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள என்னால் முடியாது.

இனி பிராய்லர் வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன். மருமகள் அமைதியாகக் கேட்டாள்: "நாட்டுக்கோழி விலைக்கு வாரா வாரம் வாங்க முடியுமா மாமா? பிள்ளைங்களுக்குச் சத்துக்கு என்ன பண்றது?" போரில் தோற்றுப் பசியில் கிடந்த ஜப்பானில், 1947 வாக்கில் மக்கள் உண்ட இறைச்சியில் ஏறத்தாழப் பாதி திமிங்கலமாக இருந்ததும், பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவிலும் அது பரிமாறப்பட்டதும் நினைவுக்கு வந்தன. அன்று அந்தத் தாய்மாரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பசி தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் குண்டு ஈட்டியோடு போகிறவர்களிடம்தான் என் கேள்வி.

மருமகளின் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. வரும் ஞாயிறு களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.