கூட்டத்துக்குக் காசு உண்டு, ஆளுக்கு இல்லை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வறிய குடும்பங்களுக்காக இயங்கும் சிறிய சங்கங்களைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம், நிதி இல்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நிதி குறைந்திருப்பது உண்மைதான். ஆனால், மாதர் சங்கமொன்றின் செயலாளராகப் பல காலம் இருந்துவருகிறவள் என்ற வகையில், வருகிற கொஞ்ச நிதியும் எதற்காக வருகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒருநாள் பயிற்சிக்கும், பதாகைக்கும், சிற்றுண்டிக்கும், வளவாளரின் கொடுப்பனவுக்கும் பணம் வருகிறது. பயிற்சிக்கு வந்துபோன பெண்ணின் வீட்டுக்கு அடுத்த கிழமை போய், அங்கே அடி உதை நின்றதா, பிள்ளை பாடசாலைக்குப் போகிறதா என்று பார்த்துவரும் ஆளுக்கு எந்தச் செயற்றிட்டத்திலும் ஒரு சதம் ஒதுக்கப்படுவதில்லை.

அரசாங்கத்தின் நலன்புரித் திட்டங்களும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத வேலையின் மீதுதான் நடக்கின்றன. 2023இல் வறிய குடும்பங்களுக்கான மாத உதவிப்பணத் திட்டமான அஸ்வெசும தொடங்கியபோது, குடும்பங்கள் 22 குறிகாட்டிகளின்படி அளக்கப்பட்டு, 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டன. மிக வறியவர்களுக்கான தொகை 2025இல் 17,500 ரூபாவாக உயர்ந்தது. அது பெரிய ஆறுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டியலில் பெயர் வராதவர்கள் மேன்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. கைத்தொலைபேசியில் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள், வங்கிக் கணக்கு இல்லாதவர்கள், அடையாள அட்டையைத் தொலைத்தவர்கள் எல்லோரும் எமது கட்டடத்தின் திண்ணையில்தான் வந்து இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கும் அம்மம்மா. மகள் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போய், அனுப்பிய காசில் பாதிச் சுவரோடு ஒரு வீடும், பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றும் மிஞ்சியிருந்தன. அந்தப் பெட்டி ஓடாமல் போய் நெடுநாள். எலிக்குப் பயந்து அரிசியையும் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையையும் அதற்குள் வைத்துப் பூட்டியிருந்தார். கணக்கெடுக்க வந்தவர்களின் படிவத்திலோ அது ஒரு சொத்து. "பிள்ளை, பெட்டி ஓடாது எண்டு எழுதினாக் காணுமா?" என்று அவர் கேட்டார். அந்த ஒரு வசனத்தை உரிய இடத்தில் சேர்ப்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம், புதிய வங்கிப் புத்தகம், வவுணதீவுக்கும் நகருக்குமான பஸ் அலைச்சல் என்று நாட்கள் போயின. எமது உறுப்பினர் ஒருவர் தன் கூலி வேலையை விட்டுவிட்டு அவருடன் போய்வந்தார். அந்தக் கூலியை அவருக்குக் கொடுக்க எம்மிடம் வழியிருக்கவில்லை.

அதைவிட எம்மை அதிகம் வருத்தியது ஆட்சேபனை முறை. ஒருவரின் பெயர் பட்டியலில் இருப்பதை எதிர்த்து இன்னொருவர் எழுதலாம் என்று விட்டபோது, ஒரே சேமிப்புக் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். வறுமையை இன்னொரு வறியவரின் வறுமையோடு ஒப்பிட்டு நிரூபிக்கச் சொல்வது கொடுமை. சங்கம் நிற்பதே நம்பிக்கையில்தான். அது உடைந்தால், எந்த நிதியாலும் அதை உடனே ஒட்டிவிட முடியாது. சிலர் இன்றும் கூட்டத்துக்கு வருவதில்லை.

நுண்கடனும் இதே நம்பிக்கையைத்தான் அரிக்கிறது. கடன் வாங்குகிற பெண்ணுக்குக் குழுவே பிணை என்பதால், ஒருத்தி தவணையைத் தவறவிட்டால் மற்றவர்கள் அவளது வாசலில் போய் நிற்கவேண்டி வருகிறது. லோன் கட்டும் நாளில் நாம் கூட்டம் வைப்பதே இல்லை.

செலவுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் குறியீட்டைக் காட்டி வாங்கும் பங்கீட்டு முறை வந்தபோது, உன்னிச்சைப் பக்கம் வீடுகளுக்குப் போவது ஏறத்தாழ நின்றுவிட்டது. நடந்து போகலாம் என்றால், பொழுதுபட்டதும் யானைப் பயம். அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூடியதில், பாலர் பாடசாலையின் மின்விசிறியை நிறுத்தினோம். நெருக்கடிக் காலத்தில் பிள்ளைகளுக்கு முருங்கையிலையும் வல்லாரையும் போட்டு, தேங்காய்ப்பால் விட்டு இலைக்கஞ்சி காய்ச்சினோம்; பின்னர் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியதும் அதுவும் கிழமைக்கு ஒருநாளாகக் குறைந்தது.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அந்த நிதியை நம்பியிருந்த வேலைகள் சில நாட்களிலேயே முடங்கின. எமது பகுதிக்கு வந்துகொண்டிருந்த உளவளத்துணையாளர் ஒருவரின் ஒப்பந்தமும் அத்துடன் முடிந்தது. யுத்தத்தில் மகனைத் தொலைத்த தாய் ஒருவர் வேறு எவரிடமும் வாய் திறந்ததில்லை. அந்த உளவளத்துணையாளரிடம் மட்டும்தான் கதைப்பார். அந்த உளவளத்துணையாளர் இப்போது நகரில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். ஆனாலும் இரவில் அந்தத் தாயின் அழைப்புக்குப் பதில் சொல்கிறார். தாயிடம் ரீலோட் போடக் காசு இல்லாதபோது தானே திருப்பி அழைக்கிறார். இதை அவருடைய நல்ல மனம் என்று பாராட்டி விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சி பெற்ற ஒருவரை, மக்கள் நம்பும் ஒருவரை, மாதச் சம்பளம் கொடுத்து வைத்திருக்க முடியாத நிலைக்கு நாமெல்லோரும் பொறுப்பு.

கோயில் கும்பாபிசேகத்துக்கும் பள்ளிவாசல் திருத்த வேலைக்கும் மனமுவந்து கொடுக்கிற சமூகம் எமது சமூகம். பிறந்தநாளை நினைத்துப் பிள்ளைகளுக்கு ஒருநேரச் சாப்பாடு அனுப்பும் வெளிநாட்டு உறவுகளுக்கும் குறைவில்லை. அவர்களில் பத்துப் பேர் சேர்ந்து, ஒரு கிராமத்தில் ஓர் ஆளின் ஒரு வருடச் சம்பளத்தையும் போக்குவரத்தையும் ஏற்றுக்கொண்டால், அந்த ஆள் ஒரு வருடத்தில் எத்தனை படிவம் நிரப்புவார், எத்தனை நோயாளரை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவார் என்பதை நாம் கணக்கோடு காட்டலாம். பிரதேச செயலகமும் படிவ வேலைக்காகச் சங்கங்களுக்கு ஒரு சிறு கொடுப்பனவை ஒதுக்க வேண்டும். நிதி தருவோர் ஒவ்வொரு செயற்றிட்டத்திலும் குறைந்தது ஓர் ஆளின் சம்பளத்தைச் சேர்க்காவிட்டால் அந்தச் செயற்றிட்டத்தை ஏற்பதில்லை என்ற தீர்மானத்தை, எமது அடுத்த பொதுக்கூட்டத்தில் நான் முன்வைக்க இருக்கிறேன். அயல் கிராமங்களின் சங்கங்களும் இதைத் தங்கள் கூட்டத்தில் எடுத்துப் பேசினால், நாம் ஒன்றாக எழுதிக் கொடுக்கலாம்.